எலி கடித்த பாவும் மான்கொம்புக் கத்தியும்

போன செவ்வாய்க்கிழமை ஆரணியில் என் செல்போன் பத்து நிமிடத்தில் நான்கு கை மாறியது. திருடு போகவில்லை... நானே கொடுத்ததுதான்.

சென்னை நண்பரின் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை எங்கள் ஊரில் நெய்யச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவன் நான். நிறம், பார்டர், முந்தானையில் அன்னம் — எல்லாம் அந்தப் பெண்ணே ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. நெசவாளர் குமார் பாதி நெய்திருந்தபோது, தறியில் இருந்த பாவை, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல்களை, எலி குதறிவிட்டது. கஞ்சி போட்ட பட்டு நூல் அல்லவா, அதற்கு விருந்து!

எனக்குச் சனிக்கிழமையே தெரியும். 'பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்' என்று குமாரிடம் போனில் சொன்னதோடு என் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன். செவ்வாயன்று அவர் வீட்டுக்கு நேரில் போனால்... யாரும் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்பதே நாள்.

ஆர்டர் எடுத்தவர் கூடவே இருந்த தன் அண்ணன்தான், அவர் சொல்லட்டும் என்றார் குமார். தறி தம்பியுடையது, அவன் சொல்வதுதான் முறை என்றார் அண்ணன். நான் நிவேதாவின் நம்பரை எடுத்து, போனைக் குமாரிடம் நீட்டினேன். அவர் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் என்னிடம்.

ஆங்கிலத்தில் இதற்கு 'பாஸிங் த பக்' என்று பெயர். அமெரிக்காவின் பழைய போக்கர் மேசையிலிருந்து வந்தது என்கிறார்கள். சீட்டுப் போடுகிறவன் தில்லுமுல்லு செய்துவிடுவானோ என்ற பயத்தில் ஆளுக்கொரு முறை போடுவார்கள். இப்போது யார் முறை? அடையாளத்துக்கு அவர் முன்னால் ஒரு பொருளை வைப்பார்கள். பெரும்பாலும் மான்கொம்புப் பிடி போட்ட கத்தி. பக் என்றால் ஆண் மான். சீட்டுப் போட இஷ்டமில்லையா — கத்தியைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடலாம். பொறுப்பும் கூடவே போய்விடும்.

இத்தனையும் தெரிந்தவன்தான் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். படிப்பு வேறு, தைரியம் வேறு.

மூலையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த குமாரின் மனைவி செல்வி, ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்து போனை வாங்கி, நிவேதாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"பொடவை நெய்யிற வூட்லருந்து பேசறேம்மா. பாவை எலி கடிச்சிடுச்சி. உன் முகூர்த்தத்துக்கு இது வராது. மனசைத் தேத்திகினு வேற பாத்துக்கம்மா."

நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பச்சைப் பட்டையே கட்டிக்கொள்கிறேன் என்றாள் நிவேதா. குரல் உடைந்திருந்தது. எலி எப்போது கடித்தது என்று கேட்டாள்.

"நாலு நாளாச்சும்மா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேற தறியில நெய்ய வெச்சிருக்கலாமே. நாலு நாளா என்ன பண்ணீங்க?"

செல்வி எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். "யார் சொல்றதுன்னு பேசிகினு இருந்தாங்கம்மா."

"அங்கிளுமா?"

செல்வி போனை என்னிடம் நீட்டினார்.

பக்கத்தில் திரும்பினேன். அண்ணனும் தம்பியும் மும்முரமாகத் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.