பம்புக்கு எந்த ப

என் மனைவிக்கு நாற்பத்தொரு வருடமாக மூச்சிரைப்பு. அவள் வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் நீல நிற மருந்துக் குழாய்க்கு எங்கள் வீட்டில் பம்பு என்று பெயர். தமிழில் எழுதும்போது ப ஒன்றுதான். பேசும்போது இரண்டு. பழத்துக்கு ஒரு ப, பயத்துக்கு வேறொரு ப. பம்பைப் பழத்தின் ப போட்டுச் சொல்லவேண்டும். அவள் பயத்தின் ப போட்டுச் சொல்வாள். கல்யாணமான புதிதில் இரண்டு முறை திருத்திப் பார்த்தேன். "உங்களுக்குப் புரியுதுல்ல? அப்புறம் என்ன?" என்றாள். விட்டுவிட்டேன்.

போன வருடம், குச்சிங்கில் வேலை செய்யும் மகளைப் பார்க்கக் கிளம்பினோம். விமானம் பதினொன்றரைக்கு. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து பயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு அரை மணி நேரம்தான். நான் ஏழு மணிக்கே அவளைக் கிளப்பிவிட்டேன். கைப்பையில் உள்ள பதினான்கு பொருட்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். சோதனை வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பத்தொரு பேர்.

"இங்க பாரு, எதையும் மறைக்காத. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே மருந்து இருக்குன்னு சொல்லிடு."

"ஏன், நான் என்ன கஞ்சாவா கடத்துறேன்?"

"மெதுவாப் பேசு."

"நீங்க மொதல்ல விரல் நீட்டி ஆள எண்ணுறத நிறுத்துங்க லா. முன்னால நிக்கிற அம்மா திரும்பித் திரும்பிப் பாக்குது."

அரசாங்க அலுவலகத்தில் உரிமம் கொடுக்கும் முகப்பில் முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தப்புச் செய்யாதவனுக்குச் சோதனையில் என்ன சங்கடம் என்று காப்பிக் கடையில் பலமுறை வாதாடியும் இருக்கிறேன்.

இயந்திரத்துக்குள் போன எங்கள் பையை நிறுத்தினார்கள். முக்காடு போட்ட மலாய்ப் பெண் அதிகாரி, எங்கள் மகளைவிடச் சின்னவள், திறந்து பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டாள். என் மனைவி நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. பையில் பம்பு இருக்கிறது என்று மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னாள். பயத்தின் ப.

அந்தப் பெண்ணின் காதில் அது வெடிகுண்டு என்று விழுந்தது. ஜிப்பின் மேல் அவள் கை அப்படியே நின்றது.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். யாரும் கத்தவில்லை. மனைவியை ஓர் அறைக்குள் அழைத்துப் போனார்கள். பை மேசையிலேயே இருந்தது. அதை இனி யாரும் தொடக்கூடாதாம். என்னை மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். கோட்டிலிருந்து அந்த அறைக் கதவு பதினேழு எட்டு இருக்கும்.

பயந்தால் அவளுக்கு இரைக்கும். வீட்டில் இரைக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணுவேன். நிமிடத்துக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் பம்பை எடுத்துக் கையில் கொடுப்பேன். இப்போது அவள் கதவுக்குப் பின்னால், பம்பு பைக்குள். என்னால் எண்ண முடிந்தது சுவர்க் கடிகாரத்தின் நிமிடங்களை மட்டும்தான். எட்டு நிமிடம் ஆகிவிட்டது.

நரைத்த தலை அதிகாரி ஒருவர் வந்து, அவள் சொன்ன சொல்லை நானும் கேட்டேனா என்றார். நாற்பது வருடமாகக் கேட்கிறேன் என்றேன். பழம், பயம் என்று இரண்டு ப-வையும் சொல்லிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஒன்றும் புரியவில்லை. எங்களை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வையுங்கள், மருந்தை மட்டும் முதலில் கொடுங்கள் என்றேன். பொறுங்கள் பாக்சிக், பெரியவரே, என்றார்.

வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இன்னொரு பம்பு. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது எடுத்துப் போட்டது. என் மற்ற சாமான்களோடு தட்டில் வைத்து, சோதனை முடிந்து, திரும்ப எடுத்ததும் நான்தான். பதினான்கை எழுதியவன் பதினைந்தாவதை மறந்திருக்கிறேன்.

அதை உயர்த்திக் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை. வாயில் வைத்து ஒருமுறை அழுத்தி இழுத்தேன். வாழ்நாளில் எனக்கு ஒருநாளும் இரைத்ததில்லை. மருந்து தொண்டையில் கசந்தது, இருமல் வந்தது.

"ஓ, பம்," என்றார் அவர். சுத்தமான பழத்தின் ப. குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அந்தப் பதினேழு எட்டையும் பத்து எட்டில் கடந்து போனார்.

இருபத்திரண்டாவது நிமிடம் அவள் வெளியே வந்தாள். மூச்சு சீராக இருந்தது. தலைமுடிதான் அவிழ்ந்து தோளில் கிடந்தது. கையில் கொண்டை ஊசிகள்.

"கொண்டைக்குள்ளயும் பாத்தாங்க. அந்தப் பொண்ணு பயத்துல ஊசியக் கீழ போடுது. பாவம், அதுக்கு நாந்தான் தைரியம் சொன்னேன்."

"இரைச்சுதா?"

"கொஞ்சம். பெரியவரு கொண்டாந்து குடுத்தாரு."

அவர்கள் செய்தது தப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு சொல் காதில் விழுந்தபின் சும்மா விட்டிருந்தால், காப்பிக் கடையில் நானே திட்டியிருப்பேன். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவள் கையைப் பார்த்தேன். ஏழு ஊசிகள் இருந்தன. காலையில் அவள் குத்தியது ஒன்பது.

திரும்பிப் போய், இன்னும் இரண்டு ஊசி வரவேண்டும் என்றேன். நரைத்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நகரவில்லை. அந்தப் பெண்ணே அறைக்குள் போய்த் தேடி எடுத்து வந்து, என் உள்ளங்கையில் வைத்து, மன்னித்துக்கொள்ளுங்கள் பாக்சிக் என்றாள்.

கண்ணாடி எதுவும் பக்கத்தில் இல்லை. மனைவி எனக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் நான் அவள் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒன்று, இரண்டு என்று குத்தினேன்.

"வாய்விட்டு எண்ணாதீங்க," என்றாள். "குத்துங்க."