பூ தெரியாத படம்

குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சூட்டுக் கட்டி என்று மூன்று வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இதைப் படிக்கிற நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை நடந்தது. மார்போடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் (உடம்பின் கழிவை வடிகட்டும் சிறு உருண்டைகள்) எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. அதற்குக்கூட நான் அழவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்பதற்குத்தான் அழுதேன்.

"கை தலைக்கு மேல போகணும்மா. அப்பதான் கரண்டு வைக்க முடியும். தள்ளிப் போடுதது நல்லதில்ல," என்றார் டாக்டர்.

கரண்டு என்று நம் பக்கம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை (மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்களைக் கதிரால் அழிப்பது). கையைத் தூக்கி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். கை மேலே எழும்ப டாக்டர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், சுவரில் விரல்களை நடத்தி ஏற்றி, எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் கோடு போடச் சொன்னாள். வலிக்குப் பயந்து குதிகாலைத் தூக்கிக்கொண்டு கோடு போட்டேன். கோடு உயர்ந்தது, கை உயரவில்லை.

என் கணவர் தென்காசியில் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர். ஒரு சாரல் நாளில் பழைய குற்றாலம் போகிற வழியில், காட்டோரமாக என்னை அழைத்துப்போனார். மரங்களுக்கு அடியில் பாறைச் சரிவு முழுக்கக் காட்டுக் காசித்தும்பை இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. தன் பழைய சின்ன கேமராவை என் வலது கையில் கொடுத்தார். வெளிச்சம் போதாததால் ஷட்டர் ஒரு நொடி திறந்திருக்கும்படி வைத்தார்.

"ஆட்டாதட்டி, கலங்கிரும்."

அமுக்கியதும் காலில் அட்டை ஊர்ந்தது. பதறிக் கையை மேலே தூக்கினேன், தோளோடு நின்றுவிட்டது.

படத்தில் பூக்களெல்லாம் நீள நீளமாக இழுபட்டிருந்தன. கோடுகள் முடிகிற இடத்தில் மட்டும் இதழ்கள் தெளிவாக விழுந்திருந்தன.

"பரவால்லயே, பூ தெரியுதுல்லா," என்றார்.

"பூ தெரிஞ்சா கை அங்கன நின்னுட்டுன்னு அர்த்தம்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சுவரை ஏமாற்றலாம், இந்தப் படத்தை ஏமாற்ற முடியாது. குதிகால் கதையை அவரிடம் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. மறுநாளும் வண்டியை எடுத்தார்.

பயிற்சிப் பெண்ணிடமும் உண்மையைச் சொல்லி, கேமராவை வைத்துப் பயிற்சி செய்யச் சம்மதம் வாங்கிக்கொண்டேன். நீங்களும் கேட்டுவிட்டே செய்யுங்கள். கேமராவை இடுப்பருகே பிடித்து, அமுக்கி, ஒரே சீராகக் கையை மேலே கொண்டுபோக வேண்டும். எல்லாம் ஒரு நொடிதான். ஆனால் பரிசோதனை முடிவுக்காக நாள் கணக்கில் காத்துக் கிடந்த எனக்கு, ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிந்தது.

காலமெல்லாம் கலங்காத படம் எடுத்துப் பேர் வாங்கிய மனிதர், "இன்னும் பூ தெரியுதுட்டி, திருப்பி எடு," என்று என்னை விரட்டினார்.

நான்காவது வாரம் ஒரு படத்தில் அடி முதல் நுனி வரை வெறும் இளஞ்சிவப்புக் கோடுகள். கேமராவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியல," என்றார். என் கை இன்னும் தலைக்கு மேலே இருந்தது.

கதிர்வீச்சு அறையில் கையைத் தூக்கி வைத்துப் படுத்தேன். "ஆட்டாதீங்கம்மா," என்றார் அங்கிருந்த பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

முடிந்ததும், "கையை இறக்கிக்கலாம்மா," என்றார்.

ஒரு நொடி கழித்துத்தான் இறக்கினேன். அந்த நொடி சிகிச்சைக்கு அல்ல, எனக்கு.