முப்பத்தெட்டுப் பைகளுக்கு நான் வைத்த சீல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். முப்பத்தெட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு உலைக்கு வாங்கி வைத்திருந்த ரேஷன் அரிசியை, கேரளாவுக்குக் கடத்தப்போகிற அரிசி என்று முடிவுகட்டி, கடையோடு சேர்த்துச் சீல் வைத்தவன் நான். வைத்ததோடு நின்றேனா? மோட்டார் பைக் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டேன். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பிடிபட்ட மூட்டைகள் முன்னால், அதிகாரிகள் பின்னால், கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி. அந்த வரிசையில் நான் எங்கே நிற்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். இடது ஓரம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என் மூக்கு கொஞ்சம் நேராகத் தெரியும்.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் எனக்கு ரேஷன் கடைகளைச் சோதிக்கிற வேலை. அந்தச் சமயம் கடைகளில் தராசை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவரை தராசு தனி, கைரேகை வாங்கிப் பில் அடிக்கிற மெஷின் தனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ காணாமல் போகும். எங்கே போனது என்று தராசையும் கேட்க முடியாது, மெஷினையும் கேட்க முடியாது. புதுத் தராசு மெஷினோடு பேசும். அரிசி தராசில் ஏறி, எடை சரியாக வந்தால்தான் பில் வரும். நல்ல ஏற்பாடு. இன்றைக்குக் கேட்டாலும் நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டு ரேஷன் பையை ஒருமுறை பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கத் துணியாமல் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். கடைகளைச் சோதிக்கிறவன் வீட்டு அரிசியே குறைகிறது என்று வெளியில் சொன்னால் யாருக்கு மானக்கேடு?

புதுத் தராசு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கடையும் அதற்குத் தயாரா என்று நேரில் பார்த்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மின்சாரம் உண்டா, சிக்னல் கிடைக்கிறதா, தரை சமமாக இருக்கிறதா, இருப்பு சரியாக இருக்கிறதா என்று பதினான்கு கேள்விகள். அந்தப் படிவத்தோடு ஒரு மாதக் கடைசியில் கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு ஊருக்குப் போனேன். நான் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் பிழைப்புக்கு வானத்தைப் பார்ப்பார்கள். இங்கே மலையைப் பார்ப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரே மாவட்டம்தான். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆனால் தெரியாது.

கடையின் விற்பனையாளர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கடை சுத்தமாக இருந்தது. தரை சமம், சிக்னல் நான்கு கோடு. பதின்மூன்று கேள்விக்கு டிக் போட்டுவிட்டு இருப்புக்கு வந்தேன். மெஷின் சொன்னதைவிடக் கடையில் அரிசி கூடுதலாக இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, ஏழு குவிண்டாலுக்கு மேல்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரிசி குறைந்தால் திருட்டு என்று எல்லோருக்கும் தெரியும். கூடினால் அதைவிடப் பெரிய திருட்டு என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஆட்களுக்குக் கொடுத்ததாகப் பில் அடித்துவிட்டு, கொடுக்காமல் வைத்துக்கொண்டால்தான் கூடும். உள் அறைக்குப் போனேன். சுவரோரமாக முப்பத்தெட்டுப் பைகள். ஒவ்வொன்றும் வாய் கட்டி, கட்டில் ஒரு சேலைக் கிழிசல். சிவப்பு, பச்சை, பூப்போட்டது என்று ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அறைக்குப் பின்கதவு வேறு இருந்தது. எதற்காக இத்தனை வருடம் படிவம் நிரப்பினேனோ அது கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா இது?"

"பில் போட்ட அரிசி சார். ஜீப்புக்குப் போறவுகளோடது."

கேரள எல்லைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், ரேஷன் கடைக்குள்ளே, வாய் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஜீப் என்று சொன்னால் என்னைப் போன்றவனுக்கு வேறென்ன தோன்றும்? அவர் விளக்கம் சொன்னார். நன்றாகவே சொன்னார். நான்தான் ஒப்புதல் வாக்குமூலம் கேட்கிற தோரணையில் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஊரில் பாதிப் பெண்கள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கேரளப் பக்கத்து மலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் ஜீப் ஏறுவார்கள். கடை ஆறு மணிக்குப் பூட்டினால் ஜீப் ஆறேகாலுக்கு இறங்கும். காய் எடுக்கிற பருவத்தில் ஞாயிறும் கிடையாது. வீட்டில் இருக்கிற வயசாளிகளின் ரேகையை மெஷின் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இந்த ஊரில் ஒரு வழக்கம். காலையில் போகும்போது காலிப் பையைக் கடையின் கம்பிக் கதவில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் பகலில் எடை போட்டு வைப்பார். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு மெஷினைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போவார். அவர்கள் இறங்கியதும் விரல் வைப்பார்கள், பில் வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் வீட்டிலிருக்கிற மாமனாரோ மாமியாரோ பில்லைக் காட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"அப்ப மெஷினு கடைய விட்டு வெளியில போகுது," என்றேன்.

"போகுது சார்."

"அரிசி குடுக்காமலே பில்லு."

"மறுநாளே குடுத்துருவேன் சார்."

"வெசாரணையில சொல்லுங்க."

அதற்குள் ஒரு பெரியவர் பில்லோடு வந்து நின்றார். "பச்சத் துணி கட்டுனது எம்மருமக பை," என்றார். ஜோடித்த சாட்சி என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் ஜோடித்துவிட்டார்களே என்று அந்தக் கும்பலின் மேல் ஒரு மதிப்பு கூட வந்தது.

"சார், மாசம் முடியுது. சீல் வச்சீகன்னா வெசாரணை முடியிற வரைக்கும் இந்த அரிசி அசையாது. மெஷினக் கேட்டா வாங்கிட்டாகன்னு சொல்லும். அவுக என்னத்தப் பொங்குவாக?" என்று அந்த அம்மாள் கேட்டார். குரல் உயரவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டார்.

பூட்டினேன். துணி சுற்றி அரக்கு உருக்கினேன். டீக்கடையில் வாங்கிய தீப்பெட்டி நமுத்திருந்ததால் ஏழெட்டுக் குச்சி கிழித்து, அரக்கோடு என் வலது கட்டைவிரலையும் கொஞ்சம் உருக்கிக்கொண்டேன். கும்பலின் மற்ற ஆட்களையும் கையோடு பிடித்துவிடலாம் என்று ஜீப் வருகிற வரைக்கும் காத்திருந்தேன். ஒளிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். என் உடம்பு மரத்துக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஆறேகாலுக்கு மூன்று ஜீப் இறங்கின. பத்துப் பேர் உட்கார முடியாத ஜீப்பிலிருந்து பன்னிரண்டு பேர், பதின்மூன்று பேர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாள். ஏலக்காய் வாசம் எனக்கு முன்னால் வந்து நின்றது. விற்பனையாளர் அம்மாள் விஷயத்தைச் சொன்னார். அப்புறம் ஆரம்பித்தது.

"ஏடி, நம்ம அரிசியப் பிடிச்சுட்டாகளாம்டி!"

"எங்கன வச்சுப் பிடிச்சாக?"

"ரேசன் கடைக்குள்ள வச்சுத்தான்."

"ஓடலையாக்கும்?"

"எங்கிட்டு ஓட? வாயக் கட்டியில்ல வச்சிருந்தோம்."

"புளியமரத்துக்குப் பின்னாடி நிக்கிற சாருதான் பிடிச்சாராம். வெளிய வாங்க சார், மரம் நோவப் போகுது."

வெளியே வந்தேன். முன்னால் நின்றவர் கேட்டார்: "ஏன் சார், கேரளாவுக்குக் கடத்துறதுன்னா காலையில மேல போகையிலல்ல மூட்டையத் தூக்கிட்டுப் போவோம்? அதுக்கு எதுக்கு அத மாமனாருகிட்டக் குடுத்துட்டு வெறுங்கையோட ஏறணும்? ஜீப்புல எங்களுக்கே எடமில்ல, அரிசிய மடியிலயா உக்கார வைக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போது ஓரமாக நின்ற ஒரு பெண் சிரிக்காமல் கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏலக்காய்க் கறை ஏறி விரல் நுனி கருத்திருந்தது.

"நேத்து வச்ச வெரலு சார் இது. எலுமிச்சந்தோலு வச்சுத் தேச்சு, மூணாந்தடவ வச்சப்பத்தான் மெஷினு எடுத்துச்சு. நாளைக்கு அரிசி இல்லன்னா வெலைக்குத்தான் வாங்கணும். அதுக்கு இன்னொரு நாளு மலையேறணும்."

எங்கள் வழங்கல் அலுவலர் அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார்.

"சீல் வச்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்ப நீங்களே எடுங்க. எதுக்கு வச்சீங்க, எதுக்கு எடுத்தீங்கன்னு ரெண்டையும் எழுதிக் குடுத்துருங்க. ரெண்டாவது சின்னதாத்தான் இருக்கும், மொதலாவதுக்குத்தான் நெறையத் தாள் ஆகும்."

அரக்கை உடைத்தேன். ஆனாலும் வந்த வேலையை விடக்கூடாதே. முப்பத்தெட்டுப் பைகளையும் பில்லோடு ஒத்துப் பார்த்து எடை போட்டேன். ஒன்று கூடக் குறையவில்லை. இருபதாவது பைக்கு மேல் அந்தப் பெண்களே, "மதி சார், மதி," என்றார்கள். மலையில் மலையாளத்தோடு பழகி, போதும் என்பதற்கு அவர்களுக்கு அதுதான் வாயில் வருகிறது. நான் விடவில்லை. கடைசிப் பையைத் தராசிலிருந்து இறக்கும்போது ஏழரை. பைகள் தலைகளில் ஏறிப் போயின. விற்பனையாளர் அம்மாளிடம் ஒரு பெண், ராத்திரி தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்; ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் பைக்கை எடுத்தபோது விற்பனையாளர் அம்மாள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு. மெஷினு வெளிய போனத எழுதிராதீக. எழுதுனா எனக்கு வேல இருக்காது."

மறுநாள் காலை எங்கள் அலுவலகத்து வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும் என்றது. கொப்புளம். ஐந்து முறை முயன்றேன். நான் அலுவலகத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் நான் வரவில்லை. பின்னால் நின்ற சக ஊழியர், "எலுமிச்சந்தோலு வச்சுப் பாருங்கண்ணே," என்றார். அதற்குள் கதை தேனி வரைக்கும் போயிருந்தது.

எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த அம்மாள் விதியை மீறியது உண்மை. எழுதினால் அவர் வேலை போகும். எழுதாவிட்டால் அடுத்த மாதம் புதுத் தராசு வரும். அதற்கு ஜீப் தெரியாது. அரிசி தராசில் இருக்கிற நேரத்தில் விரல் மெஷினில் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் தெரியும். அரிசி அடிவாரத்தில், விரல் மலைமேல். களவைத் தடுக்க வந்த தராசு, களவே இல்லாத ஒரு கடையில் முப்பத்தெட்டு வீட்டு அரிசியை நிறுத்திவிடும். தராசைக் குறை சொல்ல முடியாது. அதை அனுப்புகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரிவது நாங்கள் நிரப்பி அனுப்புகிற டிக்குகள்தான். ஊருக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கிற ஒரே கண் நான். அந்தக் கண்ணின் லட்சணத்தைத்தான் மேலே பார்த்தீர்கள்.

படிவத்தின் அடியில் 'இதர குறிப்புகள்' என்று நாலு விரற்கடை இடம் இருந்தது. எத்தனையோ வருடமாக அங்கே 'ஏதுமில்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை எழுத்தைச் சிறிதாக்கி எழுதினேன்: இந்தக் கடையின் அட்டைதாரர்களில் பலர் தோட்ட வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குப் பிறகே ஊர் திரும்புகிறார்கள். புதிய தராசு வந்தபின் அவர்கள் பொருள் பெற வேண்டுமானால் கடை நேரத்தை மாற்ற வேண்டும்.

வழங்கல் அலுவலர் அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப இதுவரைக்கும் எப்படி வாங்குனாங்க?"

"அது அந்தப் பதினாலு கேள்வியில இல்ல மேடம்," என்றேன்.

என்னையே பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தத் தாள் எங்கெங்கோ ஏறி இறங்கியது. அது வருவதற்குள் தராசு வந்துவிட்டது. அந்த மாதம் ஜீப்பில் போகிற பெண்களில் பலர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். நிற்க முடியாதவர்களுக்கு அரிசி போனது போனதுதான். பிறகு ஒரு நாள் உத்தரவு வந்தது. அந்தக் கடை மட்டும் பரீட்சார்த்தமாக மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை. எனக்கு வந்த சந்தோஷத்தில் தபாலுக்கு விடவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் புதுத் தராசு பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. உத்தரவைக் கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் படித்தார்.

"இனிமே ஜீப்பு எப்ப எறங்குனாலும் கவலையில்லம்மா. எட்டு மணி வரைக்கும் கடை தெறந்திருக்கும். விதிப்படியே விரல் வைக்கலாம், விதிப்படியே அரிசி வாங்கலாம். உங்க வேலைக்கும் இனி ஆபத்தில்ல. நான்தான் எழுதிப் போட்டேன்," என்றேன். நன்றி சொல்லப்போகிறார் என்று முகத்தைக் கூடத் தயார் செய்துகொண்டேன்.

அவர் தாளை நாலாக மடித்து மேசை மேல் வைத்தார்.

"எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு ஏழு மணிக்கு சார்."