முடியில் கை வைத்தவன்

வாய்க்கால் கரையில் நான் முன்னே நடந்தேன், அவன் பின்னால் வந்தான். அவன் வலது கையை என் துண்டில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். துண்டு நனைந்து, முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. என் வாயிலும் ரத்தம். கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். பின்னால் வயலில் கத்தல் இன்னும் ஓயவில்லை. தஞ்சாவூர் பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

அவன் வங்காளத்துக்காரன். சம்பா நடவுக்கு வந்த கூட்டத்தில் ஒருவன். வழியில் அவன் கேட்டது ஒன்றுதான். இந்தக் கையால் மறுபடி நட முடியுமா? இடது கையில் நாற்றைப் பிடித்து, வலது கையால் பிரித்து ஊன்றுவதுதான் நடவு. ஊன்ற முடியாதவனை, ஆள் கூட்டி வந்த ஏஜென்ட் ஊருக்கு ரயிலேற்றிவிடுவான். ஊரில் அவன் குடும்பம் இந்த ஒரு பருவத்தை நம்பித்தான் அவனை அனுப்பியிருந்தது. முடியும் என்று சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது.

அந்த ஏஜென்டிடம்தான் நானும் இருந்தேன். பேசுவதுதான் என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூரத்தில் சாயப்பட்டறை, ஹவுராவில் ஓட்டல் என்று சுற்றியதில் இந்தியும் கொஞ்சம் வங்காளமும் ஒட்டிக்கொண்டன. வயல்காரர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை வயல்காரருக்கும் மாற்றிச் சொல்வேன்.

ஆள் கிடைக்கவில்லை என்று வயல்காரர்கள் எல்லா ஊரிலும் சொன்னார்கள். அதே ஊர்களில் மதகுக் கட்டையில் காலையிலிருந்தே இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து திரும்பி வந்தவர்கள். வேலை தேடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. கம்பெனியில் கூப்பிடுவார்கள் என்று இருந்தார்கள். ஒருமுறை கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு வாய்க்காலைத் தாண்ட வழி காட்டினேன். போன வாரம் வேலை செய்தீர்களா, வேலை தேடினீர்களா என்று வீடு வீடாகக் கேட்டாள். மதகுக் கட்டைப் பையன்கள் சும்மா இருக்கோம் என்றார்கள். தேடாதவன் வேலையில்லாதவர்கள் கணக்கில் வரமாட்டான் என்று திரும்பும்போது அவள் சொன்னாள். அப்படியானால் மதகுக் கட்டையில் வேலையில்லாதவன் என்று எவனும் இல்லை.

மாநிலத்தில் வேலை கூடியிருக்கிறது என்று டீக்கடை டிவியில் மாதாமாதம் சொல்வார்கள். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கினால் அந்த ஊரில் வேலை செய்கிறவர்கள் எண்ணிக்கை கூடத்தான் செய்கிறது. அந்த வேனால் வேலை போனது நடவுப் பெண்களுக்கு. அவர்களைக் கேட்டால் வீட்டு வேலை பார்ப்பதாகச் சொல்லிவிடுவார்கள்.

அன்று அடிதடி நடந்த ஊரில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. வயல்காரர் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அவர் பயந்து, வயலின் குறுக்கே கயிறு கட்டி, ஒரு பாதியை அவர்களுக்கும் மறு பாதியை எங்கள் ஆட்களுக்கும் விட்டார். இருந்தது ஒரே நாற்றங்கால். பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டி இரண்டு பக்கமும் வீசியிருந்தார்கள். எங்கள் பக்கம் முடி தீர்ந்துபோனது. வாய்க்கால் கரையில் என் பின்னால் வந்த இவன்தான் கயிற்றைத் தாண்டி, பெண்களின் காலடியில் கிடந்த இரண்டு முடிகளைத் தூக்கினான்.

பெண்களில் மூத்தவள் நிமிர்ந்து, "ஏய், எங்க முடியில கை வச்சிட்டான் பாரு" என்றாள். கோபம்கூட இல்லை, பாதி நக்கல். பக்கத்தில் நின்றவளும் அதையே உரக்கச் சொன்னாள்.

மதகில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. நாலைந்து பேர் வரப்பில் ஓடி வந்தார்கள். பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டான் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வயலில் கால் வைக்காமல் வளர்ந்து பனியன் கம்பெனிக்குப் போனவர்கள். நாற்றுக் கட்டுக்கும் முடி என்று பேர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஓடி வருவதைப் பார்த்தபோது அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டது எனக்கும் புரியவில்லை. முதலில் வந்தவன் இவனைக் காலால் எட்டி உதைத்து வீழ்த்தியபோதுதான் உறைத்தது.

நடுவில் போய் நின்றேன். வாயிலேயே ஒரு குத்து விழுந்தது. மூத்தவள் பதறி ஓடி வந்து, "முடிடா, நாத்து முடிடா" என்று கத்தினாள். அவர்களில் வரப்பில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கியிருந்தவன் காதில் முதல் சொல் மட்டும்தான் ஏறியிருக்க வேண்டும். அவளே ஆளை முடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்தான். எழுந்திருக்க இவன் வரப்பில் ஊன்றியிருந்த வலது கைமேல் மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தான். அடித்த இடத்திலேயே மறுபடியும் அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் சேற்றிலும் கேட்டது.

நான் கையில் சிக்கிய ஒருவன் கழுத்தைப் பிடித்து முகத்தைத் தண்ணீரில் அமுக்கினேன். அவன் மூச்சு குமிழ் குமிழாக வந்தது. விடத் தோன்றவில்லை. என் பின்மண்டையில் ஒரு அடி விழுந்திராவிட்டால் அவன் செத்திருப்பான்.

நிறுத்தியது பெண்கள்தான். மூத்தவள் ஒரு நாற்று முடியைத் தூக்கி, மண்வெட்டி வைத்திருந்தவன் முகத்தில் மாறி மாறி அடித்தாள். அவன் அவள் பெற்ற மகன்.

"இதுதான்டா முடி. இதை நட்டுத்தான்டா உனக்குச் சோறு போட்டேன்."

அவன் ஒன்றும் புரியாமல் நின்றான். சேறும் ரத்தமும் முகத்தில் வழிந்தன. அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. மற்ற பெண்கள் எங்கள் இருவரையும் வாய்க்கால் பக்கம் தள்ளிவிட்டு, ஓடிவிடச் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தார் வேன் நின்ற பக்கம் ஓடிவிட்டிருந்தார்கள்.

பஸ்ஸில் ஒருவர், "என்னப்பா, வண்டியிலேருந்து விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவன் கம்பியில் தலையைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் துண்டைப் பிரித்தபோது விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பியிருந்தன. எலும்பில் கம்பி வைக்க வேண்டும், பிறகு பல மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். அதை வங்காளத்தில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நடவு முடியும்வரை கையைத் தொங்கப்போட வேண்டும் என்று சொன்னேன். அவன் அழவில்லை. இடது கையால் சுவரில் ஓங்கி ஒரு குத்து குத்தினான். அந்தக் கையையும் உடைத்துக்கொள்ளப் போகிறான் என்று கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் தோளைக் கடித்தான். கடிக்கட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் ஏஜென்ட் வந்தான். கூடவே வங்காளக் கூட்டத்தின் தலைவரான சர்தாரும் வந்தார். ஏஜென்ட் வந்த வேகத்தில் என் கன்னத்தில் அறைந்தான். ஆடிக்கொண்டிருந்த பல் கழன்று வந்தது.

"பேசத்தானேடா உன்ன வச்சிருக்கேன். அவனுங்க ஓடியாரும்போது என்ன பண்ணிட்டிருந்த?"

பல்லைத் துப்பினேன். அவன் கேட்டது நியாயம்தான். கட்டுப் போட்டதும் இவனை ஹவுரா ரயிலில் ஏற்றிவிடுவேன் என்றான். சர்தார் அவனிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். கூலியில் பங்கு நடுகிற வரிசைக்குத்தான், ஆளுக்கு இல்லை. இவன் வரிசையை யாராவது நட்டால் இவன் பங்கு இவனுக்கு வரும். ஆனால் கூட்டத்தில் உபரி ஆள் கிடையாது.

நான் நடுகிறேன் என்றேன். ஏஜென்ட் சிரித்தான்.

"நடவு பொம்பளைங்க வேலைடா. இவனுங்க ஊருல வேற வழக்கம். நீ போயி குனிஞ்சா நாளைக்கு எவன் உன்ன மதிப்பான்?"

"எவனும் மதிக்க வேணாம். ரயிலு வேணாம்னு மட்டும் சொல்லுங்க."

ஏஜென்ட் ஒப்புக்கொண்டான். மறுநாள் காலை திருவாரூர்ப் பக்கம் வேறொரு வயல். சர்தார் என்னை இவனுடைய கடைசி வரிசையில் நிறுத்தி, நாற்றை எப்படிப் பிரிப்பது என்று ஒருமுறை காட்டினார். குனிந்து பின்னால் நகர்ந்தபடி ஊன்றினேன். பாதி நாற்று தண்ணீரில் மிதந்து மேலே வந்தது. சர்தார் வந்து காலால் என் விலாவில் ஓர் உதை விட்டு, கோணியிருந்த வரிசையை மறுபடி நடச் சொன்னார். எழுந்து, மறுபடி நட்டேன்.