ஜன்னல் பக்கத்துக் கை

அந்த நாற்காலியைச் சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் செருகிப் போட்ட புண்ணியவான் யார் என்று பம்ப் மெக்கானிக் ஒன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆள் கிடைத்தால் அடிக்க மாட்டார். அடிக்கிற வயசு தாண்டிவிட்டது. எதிரில் நிற்க வைத்து, "ஏன்யா, அதை ரெண்டு அடி இழுத்துப் போட்டிருந்தா உன் சொத்தா குறைஞ்சு போயிருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

நாற்காலி கிடந்தது ஒரு பஸ் டிப்போவின் மருந்தறையில். தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற கம்பெனி அது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டிரைவர்களை வரிசையாக நிறுத்தி பிரஷர் பார்ப்பார்கள். உட்கார்ந்தால் வலப்பக்கம் சுவர் இடிக்கும், இடப்பக்கம் மேஜை. ஆகவே எந்த டிரைவர் வந்தாலும் நீட்டுவது இடது கைதான். கம்பவுண்டர் அதில் சட்டையோடு சேர்த்துப் பட்டையைச் சுற்றுவார், காதில் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ சிரிப்பார், எழுதுவார், "அடுத்த ஆள்" என்பார். அந்த அறையில் சுத்தமாக இருந்தது அவருடைய கை மட்டும்தான். எதையும் தொட்டால்தானே அழுக்காகும்!

அந்த வரிசையில் முப்பத்தோரு வருஷம் நின்றவர் மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்காரர். டிப்போவில் அவருக்குப் பெயர் 'நிதானம்'. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கியதில்லை. ஹார்ன் அடிப்பது அவருக்குக் கேவலம். யாராவது சீறிக்கொண்டு முந்தினால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "போங்க, போங்க. சிக்னல் உங்களுக்காகத்தான் காத்துட்டு நிக்குது" என்பார். அடுத்த சிக்னலில் அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே மெல்லக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிரிக்கக்கூட மாட்டார். காலையில் சோப்புத் துணியால் ஸ்டீயரிங்கைத் துடைக்காமல் வண்டியை எடுத்ததில்லை. நாற்பத்திரண்டு பேர் தூங்கிக்கொண்டே போய் இறங்குவார்கள். தூங்குகிற ஆளை உலுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஓட்டுகிறது, மற்றதெல்லாம் உருட்டுகிறது என்பது அவர் கட்சி.

வருஷக்கணக்காக வெயில் பட்டு அவருடைய வலது கை முழங்கைவரை கறுத்துப் போயிருக்கும். அது ஜன்னல் பக்கத்துக் கை. இடது கை கியர் கை. கடைசி இரண்டு வருஷமாக, சாயங்காலம் ஆனால் அந்த இடது கை கனக்கிறது, செத்துப் போன மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வளைவுச் சாலையில் கியரை மாற்றி மாற்றிப் போட்டால் தலையும் லேசாகச் சுற்றுகிறதாம்.

மெக்கானிக் என்ன செய்தார்? ஒரு லீவு நாளில் டிப்போவுக்குப் போய், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர் கம்பியின் தேய்ந்த புஷ்ஷை மாற்றி, கிரீஸ் அடித்துவிட்டு வந்தார். கியர் வெண்ணெயாக விழுந்தது. கை வலி அப்படியே இருந்தது. ஆளைப் பார்க்காமல் வண்டியைப் பழுது பார்த்த அந்த மத்தியானத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் தொண்டையில் கிரீஸ் வாடை அடிக்கும்.

வெளியூரில் வேலை பார்க்கிற மகள் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி அனுப்பியிருந்தாள். டப்பாவின் மேல் ஒரு படம். சிரித்த முகமாக ஒருத்தர் இடது கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருப்பார். போதாதா? அக்காவும் அப்படியே இடது கையில் சுற்றினாள். தினமும் காலையில் பார்த்து ஒரு நோட்டில் எழுதினாள். நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபத்திரண்டு, நூற்றிருபது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிள்ளையின் மார்க் அட்டையைக் காட்டுகிற மாதிரி அந்த நோட்டை எடுத்துக் காட்டினாள். "முப்பது வருஷம் வண்டி ஓட்டின மனுஷனுக்கு பிரஷரைப் பாரு" என்று பெருமை வேறு.

ஒருநாள் ரேடியேட்டர் மூடியைத் திறக்கும்போது நீராவி அடித்து அத்தானின் இடது கை வெந்துவிட்டது. மருந்து போட்டுத் துணி சுற்றியிருந்ததால் அக்கா பட்டையை வலது கைக்கு மாற்றினாள். நூற்று அறுபத்தாறு. மறுபடி போட்டாள். நூற்று அறுபத்தெட்டு.

உடனே தம்பிக்குப் போன். "டேய், மெஷின் கெட்டுப் போச்சுடா. வந்து பாரு."

இந்த இடத்தில்தான் அந்தக் குடும்பத்தின் லட்சணம் தெரியும். எண் ஏறியதும் வேறு வீட்டில் டாக்டரைத் தேடுவார்கள். இவர்கள் திருப்புளியைத் தேடினார்கள். மெக்கானிக்கும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள்தான். ஆனால் பிரஷர் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீட்டர் முள்ளைப் பார்த்தே மோட்டாரின் ஜாதகம் சொல்வார். பையோடு வந்து இறங்கினார். ரப்பர் குழாயை முறுக்கிப் பார்த்தார், பேட்டரியை மாற்றினார், பட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்று கசிகிறதா என்று பார்த்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

காயவைத்துத் தன் கையிலேயே போட்டார். இடது நூற்று முப்பது, வலது நூற்று முப்பத்திரண்டு. அக்காவுக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்துப் புண் ஆறியதும் அத்தானுக்கு இரண்டு கையிலும் மாற்றி மாற்றி நாலு தரம் போட்டார். இடது நூற்றிருபது. வலது நூற்று அறுபத்தைந்து. ஒரு தரம்கூடப் பிசகவில்லை.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல அத்தான். உங்ககிட்டதான் ஏதோ..."

"என்கிட்ட என்ன? இது வெயில் பட்ட கை மாப்ள. சூடு ஏறின கை அப்படித்தான் காட்டும். அதோட, இடது கை நாள் பூரா கியர் போட்டு உழைக்குது. இவரு ஜன்னல்ல சாஞ்சுக்கிட்டு முதலாளி மாதிரி வர்றாரு. முதலாளிக்குத்தான் பிரஷர் இருக்கும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். மெக்கானிக்தான் அதிகமாகச் சிரித்தார். தூ.

தெருமுனை மருந்துக்கடைக்காரரையும் கேட்டார்கள். அவர் இருமல் மருந்தை உறையில் போட்டபடியே, தலையை நிமிர்த்தாமல், "ரெண்டையும் கூட்டிப் பாதி ஆக்கிக்குங்க" என்றார். ஏதோ பால் கணக்கு மாதிரி.

ஆனால் அத்தான் சிரித்தாலும் உள்ளுக்குள் பயந்திருந்தார். டிப்போ பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. நூற்று அறுபது தாண்டினால் ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலையில் போட்டுவிடுவார்கள். ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. வாசல்வரை வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னார்:

"மாப்ள, வலது கையைப் பத்தி வெளிய வாயைத் திறக்காத. டோக்கன் குடுக்கறதுக்கா நான் இத்தனை வருஷம் ஓட்டுனேன்?"

"நான் எதுக்கு அத்தான் சொல்றேன்?"

அப்படித்தான் சொன்னார். மரியாதை தெரிந்த மச்சினன்! பத்தாம் நாள் அத்தான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கம்பவுண்டர் சட்டைக்கு மேலே பட்டையைச் சுற்றினார். பாஸ்.

இரண்டு மாதம் கழித்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். ஒரே மோட்டார். அதிலிருந்து இரண்டு கிளை. இரண்டிலும் மீட்டர். வலது கிளையின் முள் கிண்ணென்று நின்றது, இடது கிளையின் முள் தொங்கியது. கூட நின்ற வாட்ச்மேன், "மோட்டார் போச்சாண்ணே?" என்று கேட்டார்.

"மோட்டார் நல்லாத்தான் தள்ளுது. இந்தக் கிளையில வழியில எங்கயோ அடைப்பு. அதான் இங்க வந்து சேர மாட்டேங்குது. இந்த மீட்டரைப் பார்த்து மோட்டாரை எடை போடக் கூடாதுய்யா. ஏமாந்துருவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தன் காதில் விழுந்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாகக் குழாய் குழாயாகச் சொன்ன பாடம். ஒரு பச்சைப்பிள்ளைக்குக்கூட விளங்கும். வீட்டு மனுஷனின் கையில் அதே மீட்டரை மாட்டி நாலு தரம் பார்த்துவிட்டு, ஹிஹி என்று சிரித்துவிட்டு வந்திருக்கிறார். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கப் பிடிக்கவில்லை. தன் வாயைத் தானே கொப்பளித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுநாளே அத்தானை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனார். நடுத்தர வயசு அம்மா. மெஷினை எடுப்பதற்கு முன்னாலேயே அத்தானின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இடது பக்கம் நாடி மெலிசா இருக்கு. கொஞ்சம் தாமதமா வருது. ரெண்டு கையிலயும் எப்பவாவது பிரஷர் பார்த்தீங்களா?"

அக்காவின் நோட்டை நீட்டினார்கள். அவர் புரட்டிக்கொண்டே போனார். முகம் சுளித்தது. பிறகு தானே இரண்டு கையிலும் பட்டையைப் போட்டுப் பார்த்தார், ஈ.சி.ஜி.யும் எடுத்தார்.

"ஒரே கையை வருஷம் பூரா பார்த்திருக்கீங்க. முதல் தடவை ரெண்டு கையிலயும் பார்க்கணும். அஞ்சு, பத்துன்னு வித்தியாசம் எல்லாருக்கும் இருக்கும். அதுக்கு மேல, திரும்பத் திரும்ப வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். எந்தக் கையில அதிகமோ அதுதான் உங்க பிரஷர். கூட்டிப் பாதி ஆக்கறதெல்லாம் இல்ல. உங்களுக்கு இடது கைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்குன்னு தோணுது. ஸ்கேன் எடுக்கணும். அதைவிட, இந்த நூத்தி அறுபத்தஞ்சு எத்தனை வருஷமா இருக்குன்னு தெரியல. இதயம் வீங்கின மாதிரி இருக்கு. இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது." கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அத்தான் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அதே சட்டையோடு டூட்டிக்குப் போய்விட்டார்.

அக்கா போனில் விஷயத்தைச் சொன்னாள். கொடுத்த வாக்கு ஒரு பக்கம். வளைவுச் சாலையில் கியர் மாற்றும்போது தலை சுற்றுகிற மனுஷன் மறுபக்கம், அவருக்குப் பின்னால் தூங்குகிற நாற்பத்திரண்டு பேர். அன்று சாயங்காலமே டிப்போ மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "எங்க ரெக்கார்டுல கரெக்டா இருக்கே? நூத்தி இருபது. எல்லாருக்கும் நூத்தி இருபதுதான்."

"எல்லாருக்கும் எப்படி சார் நூத்தி இருபது இருக்கும்?"

மேனேஜர் பக்கத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே எண். பதிவேட்டை மூடினார். ஆனால் மறுநாள் காலையில் அத்தானைக் கேட்டிலேயே நிறுத்தி, எல்லார் எதிரிலும் சாவியை வாங்கினார்கள். திருடனிடம் வாங்குகிற மாதிரி. கம்பவுண்டர் மருந்தறை வாசலில் நின்று, போனை இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

அக்கா அன்றைக்குத் தம்பியை வாசற்படி ஏறவிடவில்லை. "உன் வாயை எல்லாம் தெருக்குழாய்ல மாட்டணும்டா. எப்பவும் ஒழுகிட்டே இருக்கும். வலது கைன்னு யார் கேட்டா உன்னை?"

அத்தான் உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் பத்து நாள் போனார், வாசலில் நின்றார், வந்தார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அக்காவிடம் கேட்டால் "உன் வேலையைப் பாரு" என்பாள். ஸ்கேனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

பதினொன்றாம் நாள் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டில் கட்டிலுக்கடியில் யாரோ சாப்பிட்டுப் போட்ட பொட்டலம், மேலே மூத்திர வாடை, பக்கத்துக் கட்டில்காரர் துப்பிய சுவர். அங்கே ஒரு நர்ஸ் வந்து, யாரும் சொல்லாமலே இரண்டு கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தை முப்பத்தோரு வருஷத்தில் ஒருத்தரும் கொடுக்கவில்லையே என்று மெக்கானிக் நினைத்தார். ஒருத்தரும் என்பதில் தானும் உண்டு.

அத்தான் கண்ணால் கூப்பிட்டார். பதினோரு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. அன்று ராத்திரியே பக்கவாதம் வந்து வாய் அடைத்துவிட்டது, இரண்டாம் நாள் மூச்சும். ஆகவே கடைசிப் பேச்சும் அதுதான். மெக்கானிக் திட்டு வாங்கத் தயாராகக் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"மாப்ள... என் வண்டி இத்தனை நாளா ஷெட்லதான நிக்குது?"

"ஆமா அத்தான். நாளைக்குத்தான் புது டிரைவர் எடுக்கறானாம்."

"சின்னப் பையனா?"

"முப்பது இருக்கும்."

அத்தான் மூச்சை இழுத்து விட்டார்.

"பிரேக் போட்டா அது இடப்பக்கம் இழுக்கும். ஆறு மாசமா இழுக்குது. எழுதிக் குடுத்தா வண்டியை மாத்திருவாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. வலது கையால புடிச்சுப் புடிச்சு ஓட்டிட்டேன். அவனுக்குத் தெரியாது. நீ இப்பவே போ. மேனேஜர்கிட்ட சொல்லாத, எழுதி மூடி வெச்சிருவான். அந்தப் பையன்கிட்ட நேரா சொல்லு. சரி பண்ணாம எடுக்காதன்னு சொல்லு."