மூன்று கேள்வி அக்கா

ஜாம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. உள்ளே பச்சைத் திரவம், அடியில் ஈயப் பற்றுவைத்த ஒரு பித்தளைத் துண்டு. வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் காத்திருந்தோம். ஒருவன் நான், மற்றவர் படகுக்காரர். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் ‘எண்பத்தொன்பதாம் நாள்’ என்று எழுதிவிட்டுத்தான் அக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

பழைய டீசல் எஞ்சின்களுக்கு எண்ணெய், சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், டீசலில் கலக்கும் மருந்து ஆகியவற்றை விற்கும் கடை அவருடையது. விற்கும் கடை என்பதைவிட விற்க மறுக்கும் கடை என்றால் பொருத்தமாக இருக்கும். கேனை நீட்டினால் மூன்று கேள்வி வரும். “எஞ்சினுக்கு என்ன வயசு? ரேடியேட்டர் பித்தளையா, அலுமினியமா? இதுக்கு முன்னாடி என்ன ஊத்தினீங்க?” மூன்றாவதற்குத் திருதிருவென்று முழித்தால் போச்சு. “போய்ப் பாத்துட்டு வாங்க. கலர் தெரியாம கலந்தா உள்ள பசையாயிடும். அப்புறம் கரண்டியாலதான் அள்ளணும்.” என் கல்யாணப் பேச்சின்போதுகூட என்னை யாரும் இவ்வளவு குடைந்ததில்லை.

சுவர்ப் பலகையில் முப்பத்தாறு பாட்டில்கள். சிலவற்றில் உலோகத் துண்டு, சிலவற்றில் டீசலில் ஊறும் ரப்பர் வளையம். கூலன்ட் பாட்டில்களைத் தினமும் காலையில் வெந்நீரில் இறக்கிச் சூடு காட்டுகிறார். பக்கத்து அறையில் தையல் இயந்திரம் மிதிக்கும் அவர் கணவர், “வீட்டுல ஒரு பாட்டில் மிச்சமில்ல. தண்ணியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கிறேன்” என்று அலுத்துக்கொள்வார். டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த கம்பெனிக்காரர் ஒருவர், எல்லா எஞ்சினுக்கும் இது ஒன்றே போதும் என்று அளந்தபோது, அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏங்க, ஊருக்கெல்லாம் ஒரே அளவுல சட்டை தைப்பீங்களா?” உள்ளேயிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. கம்பெனிக்காரர் டின்னோடு நடையைக் கட்டினார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆறு வருடங்களுக்கு முன்னால் அக்கா, டின்னில் அச்சடித்திருந்ததை நம்பிப் படகுக்காரருக்குச் சிவப்புக் கூலன்ட் கொடுத்துவிட்டார். படகில் இருப்பது ஐம்பது வயதைத் தாண்டிய லாரி எஞ்சின். சிவப்பு அந்தப் பழைய ரேடியேட்டரின் பற்றுகளை மெல்ல மெல்லத் தின்றது. ஒரு நாள் நட்டாற்றில் தண்ணீர் முழுக்க ஒழுகி எஞ்சின் நின்றுவிட்டது. படகில் பத்தொன்பது பேர். செருப்பால் துடுப்புப் போட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

அன்றுவரை அக்காவைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்ட படகுக்காரர் அதன்பின் ‘கடைக்காரம்மா’ என்றார். கிரீஸ் மட்டும் வாங்குவார். வேறொரு பழைய ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் சகவாசமே வேண்டாமென்று ஆற்றுத் தண்ணீரையே ஊற்றினார். அக்காவோ, அவர் கழற்றிப் போட்ட ரேடியேட்டரை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு கூலன்டிலும் ஊறப்போட்டார். அந்தக் ‘கடைக்காரம்மா’ அவரை எவ்வளவு சுட்டது என்பது, அதைக் கேட்கும்போதெல்லாம் தெருவைப் பார்க்கும் அவர் முகத்தில் தெரியும்.

பாட்டிலில் எண்பத்தொன்பது என்று எழுதிய அன்று படகுக்காரர் கிரீஸ் கேட்கவில்லை. “கடைக்காரம்மா, ரேடியேட்டர்ல உப்புப் படிஞ்சு போச்சு. பாதி ஆத்துலயே கொதிக்குது. ஏதாவது குடுங்க.”

அக்கா மூன்று கேள்வியையும் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து, துண்டை இடுக்கியால் எடுத்துத் துடைத்து நீட்டினார். படகுக்காரர் பற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு பொடிகூட உதிரவில்லை.

“உங்க பழைய ரேடியேட்டர்தான் அண்ணே. நாளைக்குத் தொண்ணூறு நாள் ஆயிடும், சோதனை முடிஞ்சிடும். உள்ள நல்லா அலசி வைங்க, நானே வந்து ஊத்துறேன்.”

“இன்னைக்கே ஊத்தினா என்னவாம்?”

“எண்பத்தொம்போது, தொண்ணூறு ஆகாது.”

மறுநாள் காலை பச்சைக் கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்த கேனோடு அக்கா படித்துறைக்கு வந்தார். மற்றொரு கையில் ஆளுயரத் துடுப்பு. அதைப் பார்த்துப் படகே சிரித்தது. ஊற்றி முடித்தவர், இறங்காமல் எஞ்சினை ஒட்டிய பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அக்கரையில என்ன வேல அக்கா?” என்றேன்.

“ஒரு வேலையும் இல்ல.”

படகு கிளம்பியது. அக்கா ஒரு கையை ரேடியேட்டர் குழாய் மேல் வைத்திருந்தார். சூடு பொறுக்காமல் எடுப்பார், மறுபடி வைப்பார். மறுகை துடுப்பை விடவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்னால் எஞ்சின் நின்ற இடம் வந்தது. காலில் செருப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தைத் தாண்டியதும் படகுக்காரர் திரும்பாமலே குரல் கொடுத்தார். “தங்கச்சி, அந்தத் துடுப்ப ஓரமா போடு. ஆளுங்க கால் தடுக்கும்.”

அக்கா ஆற்றைப் பார்த்தபடியே துடுப்பைக் கீழே வைத்து, காலால் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டார்.