கொட்டிவாக்கம் மாலதியின் கடிதம்

எங்கள் டிவி பெட்டிக்கு மரத்தில் இழுவைக் கதவு உண்டு. அதை இழுக்கும்போது எழும் கரகரப்பும் திரை சூடேறும்போது வரும் தூசு வாசனையும் மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பு முழுவதையும் கூட்டிவிடும், ஏனென்றால் பதினோரு குடித்தனங்களில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி.

வாரம் ஒருநாள் சாயங்காலம் அரசுத் தொலைக்காட்சியில் மருத்துவ நிகழ்ச்சி வரும். ஒரு பிளாஸ்டிக் பூச்செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கரைப்பது எப்படி, குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்றெல்லாம் டாக்டர் பாடம் நடத்துவார். கடைசி ஐந்து நிமிடம் நேயர் கடிதம். சினிமாப் பாட்டுக்கு வருகிற கூட்டம் இதற்கும் வரும். "ஃபீஸ் வாங்காத டாக்டர்டீ, வாய மூடிண்டு கேளு" என்பார் அப்பா.

அப்போது அக்கா வத்சலாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. மாத்திரையின் தயவில் மூன்று வருஷமாக வரவில்லை. கல்யாணத்துக்கு முன் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று, மருந்து எழுதிய டாக்டரிடம் கேட்க அம்மாவுக்குப் பயம். வள்ளென்று விழுவார். ஆகவே டிவி டாக்டருக்கு எழுதினோம். என் கையெழுத்து அழகு என்று என்னை எழுதச் சொன்னார்கள். கார்டு என்றால் தபால்காரர் படித்துவிடுவார் என்று இன்லண்டில், 'மாலதி, கொட்டிவாக்கம்' என்ற பொய்ப் பெயரில். கொட்டிவாக்கத்தில் எங்களுக்கு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

ஆறேழு வாரம் கழித்து, கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கையில், என் வாக்கியங்களை ஒரு பெண்குரல் வாசித்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பதில் சொல்ல ஆரம்பித்த அதே நொடியில் மாடி வீட்டு மாமி, "ஐயோ பாவம், யார் பெத்த பொண்ணோ! இத எந்த அசட்டுத் தலையில கட்டப்போறாளோ" என்றாள். அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் பேச்சு, சிரிப்பு. 'உஷ்' என்று அதட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. அதட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒலியைக் கூட்ட நான் எழுந்தேன். "ஒக்காருடீ, எவளோ என்னமோ கேக்கறா, நமக்கென்ன" என்றார் அப்பா. உட்கார்ந்துவிட்டேன். டாக்டரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. டிவியை ஒட்டி உட்கார்ந்து அக்கா பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்மா அவளிடம், "உனக்காவது ஏதாவது காதுல விழுந்துதா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றாள் அக்கா.

டாக்டரின் பதில் தெரியாமலே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, புகுந்த வீட்டு அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள். கொதிக்கிற ரசம் இடக்கையில் கொட்டியது. அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டவர்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த நிகழ்ச்சி இப்போது இல்லை, மரக்கதவு டிவியும் இல்லை, டாக்டர் அன்று என்ன சொன்னார் என்று நான் இணையத்தில் தேடாத இடமும் இல்லை. அக்கா என்னோடு பெசன்ட் நகரில் இருக்கிறாள், வேளை தவறாமல் மாத்திரை. போன வாரம் என் போனில் ஓடிய வீடியோவில் யாரோ ஒரு டாக்டர், வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிராமல், "அன்னிக்கும் இதையேதான் சொன்னார்" என்றாள்.

"உனக்குக் கேட்டுதா? ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா மாத்திரைய நிறுத்தியிருக்க மாட்டா. மாத்திரை முழுங்கற பொண்ணுக்கு எவன் வருவான்? எனக்குக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசையா இருந்துதுடீ."